ஒரு செங்கல் பாக்கி

மாமா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பெரியவள் தம்பியின் போனை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அவன் சிநேகிதங்க நம்பரெல்லாம் அதுலதானே இருக்கு? நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா?"

"என் போன்லயும் இருக்கு மாமா. நானே சொல்லிடறேன்."

செத்தவன் போனுக்கு என்ன காவல் என்று முணுமுணுத்தபடி அவர் நாற்காலி தேடப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் விரல் பட்டால் திரையில் இருப்பதையெல்லாம் தள்ளி மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அந்தத் திரையில் பாதியில் நின்றுபோன ஒரு விளையாட்டு இருந்தது.

தம்பி கூடத்தில் கழுத்துவரை போர்த்திக் கிடந்தான். பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவன். காலையில் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவனை மத்தியானம் தூக்கி வந்து இறக்கினார்கள். நகக்கண்ணில் இருந்த நீலம் மட்டும் எந்த சோப்புக்கும் போகாமல் அப்படியே இருந்தது.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள் மிஷின்தான் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கைக் கட்டைவிரலுக்கு ஒரு வேலை வேண்டுமே, அதற்குத்தான் இந்த விளையாட்டு. மேலே வரிசையாகக் கலர் செங்கல், கீழே ஒரு கட்டை, நடுவில் ஒரு பந்து. பந்தைக் கீழே விடாமல் தட்டித் தட்டிச் சுவரை உடைக்க வேண்டும். சில செங்கல் உடைந்தால் மாத்திரை மாதிரி ஒன்று இறங்கும். நல்லதைப் பிடித்தால் கட்டை நீளும், ஒரு பந்து மூன்றாகும். கெட்டதைப் பிடித்தால் கட்டை குட்டையாகிவிடும்.

"எது கெட்டதுன்னு விழும்போதே கலர்ல தெரிஞ்சுடும்க்கா. ஒதுங்கிக்கலாம். இங்க குடுக்கற மாத்திரையில அப்படியா?" என்பான்.

மேல் வரிசைச் செங்கல்லைச் சாம்பல் கலர் என்று யாராவது சொன்னால் பொறுக்க மாட்டான். சாம்பலில் ஒரு சொட்டுப் பச்சை என்று திருத்துவான். அம்மாவுக்கோ அந்த டொக் டொக் சத்தமே ஆகாது. கட்டினது ஒரு வீடு கிடையாது, இடிக்க மட்டும் குறைச்சலில்லை என்று அடுக்களையிலிருந்தே குத்துவாள். அவன் சிரித்துக்கொண்டு சத்தத்தைக் குறைப்பான். ஆட்டத்தை நிறுத்த மாட்டான்.

வந்தவர்கள் எல்லோரும் பெரியவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதானே. கடை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். மாமா இரண்டு தடவை கேட்டார். கடைசியாக என்ன சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லை என்றே எல்லோருக்கும் பதில் சொன்னாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கி, பதிலைக் கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டாள். இன்றைக்கு நானும் வருகிறேன் என்று காலையில் செருப்பு மாட்டியவளை, நீ படும்மா என்று நிறுத்தியதும் பெரியவள்தான்.

வெளியே மாமாவும் மற்றவர்களும் வண்டிக்குப் பேரம் பேசப் போனார்கள். கூடத்தில் இவர்கள் மட்டும்.

"எங்கிட்டயாவது சொல்லுடி," என்றாள் அம்மா.

பெரியவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கை இழுக்குது, நீ பிடி அக்கான்னு போனைக் குடுத்தான்மா. எப்பவும் இழுக்கறதுதானேன்னு வாங்கிட்டேன். நர்ஸைக் கூப்பிடல."

அம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தாள்.

"இடது பக்கம் வாக்கா, இடது பக்கம் வாக்கான்னு சொல்லிட்டே இருந்தான். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் சத்தமில்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டத்தைப் பாக்கறான்னு நினைச்சேன். பாத்தியாடா, ஒண்ணுகூட கீழ விடலன்னு சொன்னேன். நான் பந்தைத்தாம்மா பாத்துட்டிருந்தேன். அவனைப் பாக்கல."

மிஷின் அலறியபோதுதான் திரையிலிருந்து விரலை எடுத்தாள். விரலை எடுத்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும்.

அம்மா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ இவ்வளவு கேட்டால் எப்படி என்று வண்டிக்காரனை அதட்டினார்கள்.

"எவ்வளவு பாக்கி?"

"ஒரே ஒரு செங்கல்."

"என்ன கலர்?"

பெரியவள் போனைத் திறந்து நீட்டினாள். மேல் மூலையில் தனியாக ஒரு செங்கல். பந்து கட்டைக்கு ஒரு விரற்கடை மேலே, விழாமல் நின்றது. அம்மா வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரையில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள்.

"சாம்பல்மா," என்றாள் பெரியவள்.

"இல்ல. பச்சை சேர்ந்திருக்கு."

வெளிச்சம் மங்கி அணைந்தது. அம்மா பக்கவாட்டுப் பொத்தானைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினாள். மறுபடி அந்தச் செங்கல் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி அழுத்தினாள்.

பெரியவள் எழுந்து போய், தம்பியின் பையிலிருந்து சார்ஜர் வயரை எடுத்து வந்தாள். ஒரு முனையைச் சுவரில் செருகினாள். மறுமுனை அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு எட்டவில்லை. அம்மா எழுந்திருக்காமல், போனைத் தூக்கிப் பிடித்தபடியே, இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.