முடியளவு இடைவெளி

காலையிலிருந்து மெஷ் உடைந்துகொண்டே இருந்தது.

ஊதுவிசிறி ஒன்றின் கூட்டுக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்று கணினியில் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் கூட்டின் உள்ளிடம் முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். அந்தக் கட்டங்களின் பின்னல்தான் மெஷ். லட்சக்கணக்கான கட்டங்களில் ஒரே ஒன்று, தலையணை உறையைத் திருப்பிப் போட்டதுபோல் புரண்டு கிடந்தாலும் கணக்கு ஓடாது. கட்டத்தின் கனஅளவு பூஜ்யத்துக்குக் கீழே என்று சிவப்பில் ஒரு வரி வரும். ஏன் என்று சொல்லாது.

பள்ளி விடும் நேரத்துக்குள் நான் கிளம்பியாக வேண்டும். மனைவி இறந்ததிலிருந்து மகள் யாரிடம் வளர்வது என்று எனக்கும் அத்தைக்கும், அதாவது மனைவியின் அம்மாவுக்கும், இழுபறி. ஒரு வாரம் தவறாமல் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள், ஒரு நாள் தவறினாலும் அவள் என் வீட்டில்தான் என்று அத்தை சொல்லிவிட்டார். நியாயம்தான். பல மாலைகளில் பிள்ளை காவலாளியோடு உட்கார்ந்திருந்தது. அன்றோடு வாரம் முடிகிறது.

கணக்கு ஓட ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழ வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு.

கட்டங்களைச் சிறிதாக்கினேன். உடைந்தது. இன்னும் சிறிதாக்கினேன். ஒன்றிரண்டு புரண்டிருந்த இடத்தில் இப்போது நூற்றுக்கணக்கில் புரண்டன. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சிறிதாக்கேன் என்று யோசனை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அதையும் செய்தேன். கணினி அரைமணி நேரம் முனகிவிட்டு அதே சிவப்பு வரியைத் துப்பியது.

கடைசியில் திரையில் கூட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உட்சுவரில் போல்ட் துளைகள் இருந்த இடமெல்லாம் சிவப்பு வளையங்கள். காற்று கசியாதபடி துளைகளை அடைத்து வரைந்து கொடுத்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். வரைபடப் பிரிவில் இருக்கிறார். கூப்பிட்டேன்.

“துளையெல்லாம் அடைச்சுக் குடுங்கன்னு சொன்னேன்ல மச்சான்?”

“அடைச்சுத்தானே குடுத்தேன். ஒண்ணு விடாம.”

“அடைப்பு துளையை விடச் சின்னதா இருக்கு.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பின்ன? அச்சு அசலா அதே அளவுல செஞ்சா எப்படி மாப்ள உள்ள போகும்?”

“எவன் மச்சான் இதை உள்ள செருகப்போறான்? இது படம்.”

“படமா இருந்தா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

ஒவ்வோர் அடைப்பைச் சுற்றியும் முடியளவு இடைவெளி. நான் கட்டங்களைச் சிறிதாக்க ஆக்க, அவை அந்தச் சந்துக்குள் கூட்டமாக நுழைந்து நசுங்கியிருக்கின்றன. கோபப்படக்கூடத் தெம்பில்லை. மனைவி இருந்திருந்தால் அண்ணனை ஒரு மாதம் ஓட்டியிருப்பாள்.

மச்சான் அடைப்புகளைச் சுவரோடு சேர்த்துக் கொடுத்தார். அவருக்கே உரிய நிதானத்தில். மெஷ் மறுபடி ஓடத் தொடங்கியது, நத்தை வேகத்தில். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்தார். தானே போய்ப் பிள்ளையைக் கூட்டி வருவதாகவும், மாப்பிள்ளைதான் வந்தார் என்று தன் அம்மாவிடம் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

“பிள்ளை சொல்லிடும் மச்சான்.”

அவரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். கடைசி வரியில் கழித்தல் குறி வந்தால் போன் செய்யச் சொன்னேன். வேறு எதையும் தொட மாட்டேன் என்று கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.

“உனக்கு வேலை போச்சுன்னா என் தங்கச்சி என்னை…” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

நான் கிளம்பினேன்.

பள்ளி வாசலில் அத்தை எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கதவு இன்னும் திறக்கவில்லை. போன் அடித்தது.

“மாப்ள, கழித்தல் வருது. ஒரு அடைப்பை விட்டுட்டேன் போல.”

“நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“மேனேஜர் பக்கத்துலதான் நிக்கிறார்.”

போனை மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னேன். வாடிக்கையாளர், பொறுப்பு, உடனே திரும்பி வருவது என்று அவர் பேசிக்கொண்டே போனார். கதவு திறந்தது. பிள்ளைகள் கொட்டினார்கள்.

“பொண்ணைக் கூட்டிக்கணும் சார்,” என்று வைத்துவிட்டேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

“வேலை போயிடுமா தம்பி?”

“தெரியல அத்தை.”

அவர் பிள்ளைகளின் கூட்டத்துக்குள் பேத்தியைத் தேடினார். பிறகு, “இனிமே லேட்டாகும்னா எனக்கு ஒரு போன் போடுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்க நிக்கிறேன்,” என்றார்.

மகள் வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருடன் போக வேண்டும் என்று கேட்டாள்.

“அப்பாவோட,” என்று சொல்லிவிட்டு அத்தை பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.