முந்தி விழுந்த நிழல்

இருபது மாடிக் கட்டிடத்தின் நிழல், அதற்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு மூன்று வருஷம் முன்பே அந்தத் தெருவில் விழுந்துவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தவள் லாண்டரியம்மா. கண்ணால் பார்த்து அல்ல, துணி காயாததை வைத்து. லாட்ஜுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுப்பது அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் தொழில். கீழே கொதிதொட்டியும் இஸ்திரி மேசையும், ஓரமாகக் கொஞ்சம் குடித்தனமும். மேலே மொட்டைமாடி முழுக்க நைலான் கயிறு. விடிந்ததும் காயப்போட்டால் மதியத்துக்குள் மொறமொறவென்று ஆகிவிடும் விரிப்புகள், அன்று மதியத்திலும் சொதசொதவென்று தொங்கின. வானத்தில் மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. அடுத்த தெருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. கிழக்கே, மூடிப்போன ஐஸ் பேக்டரியின் காலி மனையில் புல்லும் துருப்பிடித்த தகரமும் தவிர நிழல் தர ஒன்றுமில்லை. ஆனால் வீடுகளின் மேல் படுத்திருந்த நிழலுக்கு மாடிகள் இருந்தன, பால்கனிகள் இருந்தன, உச்சியில் தண்ணீர்த் தொட்டியும் இடிதாங்கியும்கூட இருந்தன.

நிழல் விழுந்தது தெருவுக்கு ஆச்சரியமாக இல்லை. ஆத்திரமாகத்தான் இருந்தது. காலி மனையை ஒரு கம்பெனி வளைத்துப்போட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருபது மாடிக்கு அனுமதி வேண்டுமென்றால் தீயணைப்பு வண்டி வந்து திரும்பும் அளவுக்கு வழி வேண்டும் என்பது நகரமைப்பு விதி. அந்த வழி, மனையை ஒட்டிய வரிசை வீடுகள் மொத்தமும் போனால்தான் கிடைக்கும். வரிசையில் ஒரே ஒரு வீடு மாட்டேன் என்றாலும் கட்டிடம் இல்லை. அதனால் டியூஷன் வாத்தியார் தலைமையில் சங்கம் வைத்து, ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சத்தியம் செய்தவள் லாண்டரியம்மா. என் மாடியில் வெயில் விழாத நாளில் என் அடுப்பில் பூனை தூங்கும் என்று அவள் சொன்னதை, சங்கம் ஒரு பலகையில் எழுதித் தெருமுனையில் வைத்திருந்தது. நெருப்பில்லாமல் புகையாது, கட்டிடம் இல்லாமல் நிழல் விழாது. விழுந்துவிட்டதென்றால் வரிசையில் யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அல்லது போடப்போகிறார்கள். இதைக் கணக்குப் போட வாத்தியார் தேவைப்படவில்லை.

நகரமைப்பு அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டிடத்தின் பொம்மையை வைத்திருந்தார்கள். சுற்றிலும் பஞ்சு மரங்கள், அவற்றடியில் அரிசி அளவு மனிதர்கள். வரிசை வீடுகள் இருந்த இடத்தில் பச்சைக் காகிதம் ஒட்டியிருந்தது. நிழலைப் பற்றி வாத்தியார் முறையிட்டபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கட்டாத கட்டிடத்தின் நிழல் அனுமதி பெறாத நிழல் என்றும், அகற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்பத் தயார், அதை யார் பெயருக்கு அனுப்புவது என்று மட்டும் சங்கம் சொல்லட்டும் என்றும் பதில் சொன்னார். தண்ணீர் போதாது என்றார்கள் சிலர், சாக்கடை தாங்காது என்றார்கள் சிலர், ஊர் வளர வேண்டாமா என்றது கம்பெனி. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் எழுந்தாள். அந்தத் தெருவோடு அவளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை என்பதைத் தவிர.

"உங்களுக்கு வெயில் போயிடுமேன்னு கவலை. நான் டூட்டி முடிஞ்சு ரெண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள என் புள்ள தூங்கிடுது. இங்க வேலை இருக்கு, வீடு இல்ல. கட்டவே வேண்டாம்னா நாங்கல்லாம் எங்கதான் இருக்கிறது?"

கூட்டம் அவளைக் கூச்சல் போட்டு உட்கார வைத்தது. லாண்டரியம்மாவின் குரல்தான் அதிலும் பெரிது. திரும்பி வரும்போது, அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகவே அவளை இன்னும் கொஞ்சம் வெறுத்தாள்.

அதற்குப் பிறகு தெரு தெருவாக இல்லை. சைக்கிள் கடைக்காரர் கடைக்குப் புதுப் பலகை மாட்டினார். கம்பெனிக் காசில்லாமல் பலகை ஏது என்று ஒரு கட்சி, போகப்போகிறவன் பலகை மாட்டுவானா என்று ஒரு கட்சி, நாம் அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் மாட்டியிருக்கிறான் என்று மூன்றாவது கட்சி. வாத்தியார் வெள்ளைச் சட்டை போட்டால் கம்பெனிக்குப் போகிறார், அழுக்குச் சட்டை போட்டால் போய்விட்டு வந்ததை மறைக்கிறார். நிழலில் வெறும் கட்டிடம் மட்டும் இல்லை, ஆட்களும் இருந்தார்கள். பால்கனிகளில் தலைகள் தெரிந்தன, கைகள் அசைந்தன. கையெழுத்துப் போட்டவன்தானே அங்கே குடியிருப்பான், எனவே அவரவர் வீட்டின் மேல் விழும் நிழலை உற்றுப் பார்த்து, அடையாளம் தெரிந்தால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் பார்த்தார்கள். நிழலுக்கு முகம் ஏது என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் அது. ஆனால் கேட்டவர்களும் அதே கதையில் இருந்ததால் யாரும் துருவவில்லை.

லாண்டரியம்மாவின் மாடியில் விழுந்தது ஒன்பதாவது மாடி. ஒரு காலையில் அவள் அகலமான வெள்ளை விரிப்பு ஒன்றைக் கயிற்றில் இழுத்து விட்டபோது, அதன் மேல் ஒரு பெண்ணின் நிழல் நின்றது. அந்தப் பெண்ணும் துணிதான் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு, துணியைக் காற்றில் இரண்டு தரம் பட்பட்டென்று உதறி, தாடையில் வழிந்த தண்ணீரை வலது தோளில் ஒரு இடி இடித்துத் துடைத்துக்கொண்டாள். அப்படித் துடைக்கிறவள் அந்த ஊரிலேயே ஒருத்திதான். மாடு மாதிரி என்னடி பழக்கம் என்று லாண்டரியம்மாவை அவள் அம்மா சாகும்வரை திட்டிய பழக்கம் அது. நிழலின் கையில் இருந்த துணி ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை.

பின்னால் வாளியோடு வந்த வீட்டுக்காரர் வெகுநேரம் நின்று பார்த்தார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர்.

"அது நீதான்," என்றார்.

"மெதுவாப் பேசுங்க. யார் காதுலயாவது விழப்போகுது."

இரண்டு பேரும் விரிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். நிழல் நகர்ந்து கயிற்றை விட்டுப் போன பிறகு அவள்தான் கேட்டாள்.

"அவ்வளவு உசரத்துல காத்து நல்லா வரும்ல?"

அந்தச் சின்னச் சட்டை அவளைத் தூங்க விடவில்லை. மகளுக்கு ஒரே பையன், பிறந்ததிலிருந்தே இளைப்பு. ப்ளீச்சிங் பவுடர் நெடியும் கொதிதொட்டி ஆவியும் அவனுக்கு ஆகாது. ஒருமுறை இங்கே ஓரிரவு படுத்தவனை விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு மகள் அவனைத் தெருவில் நிறுத்திக் காட்டிவிட்டு அப்படியே அழைத்துப் போய்விடுவாள். பாட்டி மாடியிலிருந்து கை ஆட்டுவாள், பேரன் கீழேயிருந்து கை ஆட்டுவான், அவ்வளவுதான் உறவு. நல்ல காற்றாடும் வீடு ஒன்று பாரும்மா, கூடவே வந்து இருக்கிறோம் என்று மகள் சொல்லாத நாளில்லை. வெளுப்புத் தொழிலில் அப்படி ஒரு வீடு எந்த ஜென்மத்தில் வாய்க்கும் என்று விட்டிருந்தாள். இப்போது அந்த வீடு தினமும் காலையில் அவள் மாடிக்கே வந்து நின்றது.

ஒரு பிற்பகல், விரிப்பு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, லாட்ஜுக்குப் போகிற பாவனையில் கம்பெனி அலுவலகத்துக்குள் நுழைந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் ஆச்சரியப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். கையெழுத்துப் போடுகிற எல்லோருக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு வீடு நிச்சயம் என்று விளக்கினான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பால்கனி இருக்குமா தம்பி?"

"எல்லா வீட்டுக்கும் உண்டும்மா."

அங்கேயே கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் சங்கக் கூட்டத்தில், துரோகி யாரென்று தெரிந்தால் அவன் வீட்டுத் துணியைத் தொடமாட்டேன் என்று அவள் பேசிய பேச்சுக்குக் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மடியில் கனம் இருக்கிறவர்கள் எல்லோருமே அன்று பலமாகத் தட்டினார்கள்.

அந்த வருஷம் முடிவதற்குள் கம்பெனி தெருமுனையில் அறிவிப்பை ஒட்டியது, சங்கத்தின் பலகை மேலேயே. வரிசை வீடுகள் மொத்தமும் சம்மதம் தந்துவிட்டன. ஜனங்கள் அதன் முன்னால் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாத்தியார்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். நான்காவது மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுற்றிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் தன்னைத் தன் வீட்டுச் சுவரில் பார்த்ததாகச் சொன்னார். லாண்டரியம்மாவுக்கு ஒரு மாதம் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். சைக்கிள் கடைக்காரர் தம்மைக் கடையின் இரும்புக் கதவில் பார்த்திருந்தார், பெரிய வாசல் நடுவில் முதலாளி மாதிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தாராம். எல்லோரும் தங்களைப் பார்த்திருந்தார்கள், எல்லோரும் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. இனி யாரையும் சந்தேகப்பட வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. வீடு எங்கே என்று மட்டும் ஒருவரும் கம்பெனியைக் கேட்டிருக்கவில்லை. எங்கே என்பதைத்தான் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்களே.

கட்டிடம் எழுந்தது. ஒவ்வொரு மாடிக்கும் தளம் போட்டு முடிக்கிற அன்று அந்த மாடியின் நிழல் தரையிலிருந்து போய்விடும். மேலே ஒன்று ஏற, கீழே ஒன்று குறைந்தது. இருபதும் முடிந்து இடிதாங்கி நட்டபோது நிழல் சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. உச்சி முதல் பாதம் வரை வெயிலில் நின்ற கட்டிடத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு நிழல் இல்லை. பொறியாளர்கள் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நிழல் இருந்தாக வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்று அதிகாரி சான்றிதழ் கொடுத்தார். நாளெல்லாம் வெயில் விழும் வளாகம் என்று விளம்பரம் செய்து கம்பெனி விலையை ஏற்றியது, வீடுகளும் விற்றுப்போயின.

வரிசை வீட்டுக்காரர்களுக்கு வாக்குத் தவறாமல் வீடு கொடுத்தார்கள், திட்டத்தின் இரண்டாம் பகுதியில். இரண்டாம் பகுதி நகரத்தின் விளிம்பில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. பால்கனி இருந்தது, ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். விரிப்பு வெளுக்கத் தண்ணீர் இல்லை, காயப்போட மாடியைத் திறந்துவிடவில்லை. ஆசையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மகள், எதிரே கல்குவாரியிலிருந்து பறந்து வரும் வெள்ளைத் தூசியைப் பார்த்தாள். பையன் படியேறும்போதே இருமத் தொடங்கினான். பெட்டியைத் திறக்காமலே போய்விட்டார்கள். லாண்டரியம்மா அன்று சுவரோடு சாய்ந்து வாய்விட்டு அழுதாள். வீட்டுக்காரர் கட்ட இடமில்லாத நைலான் கயிற்றைச் சுருட்டி மூலையில் வைத்தார்.

வயிறு ஒன்று இருக்கிறதே. சைக்கிள் கடைக்காரருக்குப் பெரிய கட்டிடத்தின் வாசலில் காவலாளி வேலை கிடைத்தது; சீருடையில் விறைப்பாகத்தான் நின்றார். வாத்தியார் நான்காவது மாடிக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போனார், நாற்காலி அந்த வீட்டுக்காரர்களுடையது. லாண்டரியம்மா ஒன்பதாவது மாடியில், வேலைக்குப் போகும் ஒருத்தியின் வீட்டில் துணி துவைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தாள். கதவைத் திறந்தவள் அந்த நர்ஸ். கூட்டத்தில் தன்னைக் கூச்சல் போட்டவர்களில் யாரையும் அவளுக்கு நினைவில்லை. கடன் வாங்கி வீட்டை வாங்கியிருந்தாள், வாஞ்சையாக அக்கா என்று கூப்பிட்டாள். அவளை வெறுக்கக்கூட லாண்டரியம்மாவால் முடியாமல் போயிற்று.

முதல் நாள் காலை பால்கனியில் நின்று ஒரு துணியை இரண்டு தரம் உதறியதுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீழே குழந்தைகள் விளையாடும் மைதானம் இருந்த இடத்தில்தான் அவள் மொட்டைமாடி இருந்தது. அங்கே இப்போது நிழல் இல்லை. அவள் நிழல் வேறொரு வருஷத்தில் ஒரு வெள்ளை விரிப்பின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது, அதன் எதிரே ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த முட்டாளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டால் கையெழுத்துப் போடமாட்டாள். வாத்தியார் போடுவார், சைக்கிள் கடைக்காரர் போடுவார், ஆனால் ஒரு வீடு போதும். அன்றிலிருந்து அவள் பழக்கத்தை மாற்றிக்கொண்டாள். உதறுவதில்லை, கிளிப்பை வாயில் வைப்பதில்லை, முந்தானையால்தான் முகம் துடைப்பாள். புது மருமகள் மாதிரி பதவிசாகத் துணி காயப்போடுகிறீர்களே அக்கா என்று நர்ஸ் சிரித்தாள். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது, ஒருநாள்கூட அவள் தவறவில்லை.

பிறகு ஒரு காலை, பிள்ளையின் சட்டையை அலசிப் பிழிந்து எடுத்து வந்தபோது, உள்ளேயிருந்து அவன் இருமும் சத்தம் கேட்டது. பேரன் இருமுவது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டே, சீக்கிரம் உள்ளே போகிற அவசரத்தில் கிளிப்பைப் பல்லில் கடித்து, சட்டையைப் பட்பட்டென்று உதறினாள். தாடையில் தண்ணீர் வழிந்தது, இரண்டு கையும் சட்டையில் இருந்தன. வலது தோளில் ஒரு இடி இடித்துத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது. அப்படியே நின்று கீழே பார்த்தாள்.

"யாரைக்கா பார்க்குறீங்க?" என்று நர்ஸ் உள்ளேயிருந்து கேட்டாள்.

"யாருமில்லம்மா. தெரிஞ்சவ ஒருத்தி."

மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சட்டையைக் கொடியில் போட்டுக் கிளிப்பை மாட்டிவிட்டு, பிள்ளைக்கு நெஞ்சு நீவிவிட உள்ளே போனாள். நிழல் இல்லாத கட்டிடம் என்பதால் அங்கே துணி சீக்கிரம் காயும். அவள் திரும்பி வருவதற்குள் காய்ந்திருந்தது.