சட்டப்படி வேலை

எண்பத்தைந்தாம் ஆண்டு எங்கள் சந்தியில் இருந்த அரசாங்கக் கந்தோரில் தொடங்கிய போராட்டத்தால் முதலில் நாசமாய்ப் போனது எதிரே இருந்த என் தேத்தண்ணிக் கடைதான். தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் சண்முகநாதன் ஒருநாள் என் வாங்கில் ஏறி நின்று முழங்கினான். "தேத்தண்ணி நேரம் கால் மணித்தியாலம் காணாது! அரை மணித்தியாலம் தருமட்டும் சட்டப்படி வேலை!" நானும் விசரன் மாதிரிக் கை தட்டினேன். அவர்களுக்கு அரை மணி என்றால் எனக்கு ஆளுக்கொரு வடை கூடப் போகும் அல்லவா?

சட்டப்படி வேலை என்றால் என்னவென்று அடுத்த நாள்தான் விளங்கியது. எட்டரைக்கு எல்லாக் கதிரையிலும் ஆள்! அதுவரை அந்தக் கதிரைகளில் குடையும் சால்வையும்தான் உத்தியோகம் பார்த்தன. ஆட்கள் என் கடையில் இருப்பார்கள். இப்போதோ கால் மணிக்குள் வாயைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டு ஓடினார்கள். சனத்தை மரியாதையாக நடத்து என்றும் சட்டத்தில் இருக்கிறதாம். "வாங்கோ, இருங்கோ" என்று ஒரே உபசாரம். கோதாரி, சம்பந்தம் பேசப் போன வீடு தோற்றது! வருடக்கணக்காய் இழுபட்ட அலுவல்கள் மத்தியானத்துக்குள் முடிந்தன.

இதைக் கேள்விப்பட்டுத்தான் குருநகர் லூர்த்தம்மா மறுபடி வந்தாள். மகனின் பெயர் கனிசியஸ். பிறப்பைப் பதிந்தவர் பழுத்த சைவர். தாய் சொன்ன பெயர் அவர் காதில் 'கணேசு' என்று விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர். அதனால் பெடியனுக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை. அட்டை இல்லாத பெடியன்களை ஆமி அள்ளிக்கொண்டு போகிற காலம் அது. அவன் கடலுக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அந்த ஒரு பெயரைத் திருத்த மனிசி நடையாய் நடந்தாள்.

போராட்டம் யாரால் வென்றது என்று நினைக்கிறீர்கள்? கந்தோர்ப் பெரியவரால். முடிந்த அலுவல் எல்லாம் கையெழுத்துக்கு அவர் மேசைக்குத்தானே போகவேண்டும்! மத்தியான நித்திரை போய், விரல் வீங்கி, பாவம் மனிசன் அழாக்குறையாகச் சொல்லிவிட்டார்.

"அரை மணித்தியாலத்தை எடுங்கோடாப்பா. என்னை விடுங்கோ."

அந்த நேரம் லூர்த்தம்மா சண்முகநாதனின் யன்னலடியில் நின்றாள். பெரியவரின் கையெழுத்துக் கிடைத்தாயிற்று. பழைய பெயரை வெட்டிப் புதிதை எழுதுவதுதான் மிச்சம். சண்முகநாதன் பேனையைத் திறந்தும் விட்டான். உள்ளே "வெற்றி!" என்று சத்தம் கேட்டது. பேனையை மூடினான்.

எல்லாரும் என் கடைக்குள் வந்து விழுந்தார்கள். பின்னாலேயே மனிசியும் வந்து வாசலில் நின்றாள்.

"ஐயா, ஒரு பேர்தானே. எழுதிப்போட்டு வந்து குடிக்கலாமே?"

"போராட்டம் முடிஞ்சுது. நாளைக்கு வா."

காலையில் 'வாங்கோ' சொன்ன அதே வாய்! எனக்கு வந்ததே ஆத்திரம். அவன் கையிலிருந்த கிளாசைப் பறித்தேன். "குடிச்சது காணும், எழும்படா! போய்ப் பேனையைத் திற!"

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். "இன்னும் நேரம் கிடக்கு, மார்க்கண்டு அண்ணை. இது நாங்கள் போராடி எடுத்த உரிமை."

லூர்த்தம்மாவுக்குக் கோபமே வரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேதியைக் குறித்துவைக்கப் போகிறவள் போல அவனிடம் கேட்டாள்.

"திரும்ப எப்ப ஐயா போராடுவியள்?"