கோட்டுக்கு உள்ளே ஒரு குழி

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நாற்காலிகள் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். குவாரிக்காரர் தன் லாரியிலேயே நாற்காலிகளை ஏற்றிவந்து, கண்ணைத் துடைப்பதும் வேலையாட்களை விரட்டுவதுமாக நின்றுகொண்டிருந்தார். அப்பாவைக் கண்டாலே எதிர்ப் பக்கம் மாறி நடக்கிற மனுஷன். நேற்றுக் காலை பல் தேய்த்தபடியே அப்பா சரிந்து விழுந்து உயிர் போனதிலிருந்து, சொந்தக்காரர்களைவிட அதிகம் அழுதது அவர்தான்.

அவள் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவள். டிக்கெட் எடுக்காதவன்தான் தன்னைப் பார்த்து முதலில் சிரிப்பான் என்பது அவள் வேலையில் கண்டது. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை. அக்கா சாமி கும்பிட்டால்கூடச் சாமியிடம் டிக்கெட் கேட்பாள் என்று தம்பி கிண்டல் செய்வான்.

அப்பா சர்வேயர். ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரியைச் சுற்றி எல்லை வகுப்பதுதான் அவர் கடைசியாகப் பார்த்த வேலை. எந்தெந்தச் சரிவில் விழும் மழை ஏரிக்குள் வந்து சேருமோ அதையெல்லாம் வளைத்து ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் இனி யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது என்று சட்டம் வரப்போகிறது. ஆட்சேபணை உள்ளவர்களுக்கு அடுத்த வாரம் விசாரணை. அதுவரைக்கும் தடை. குவாரிக்காரரின் பாறையில் பாதி கோட்டுக்குள் போய்விட்டது. பழைய இடுகாடும் போய்விட்டது. அம்மா அங்கேதான் இருக்கிறாள்.

அதனால் அப்பாவை மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டுக்கு வெளியே இருக்கும் புது இடுகாட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். குவாரிக்காரர் நாற்காலிகளோடு வந்ததும் அது மாறியது. அவர் தம்பியின் தோளை அணைத்துக்கொண்டார்.

"அம்மா பக்கத்துலயே வச்சிடலாம்பா. நான் பேச வேண்டியவங்ககிட்ட பேசிட்டேன். யாரும் கண்டுக்க மாட்டாங்க."

நேற்றிலிருந்து கல் மாதிரி இருந்த தம்பி அப்போதுதான் உடைந்து அழுதான். அவனுக்குக் குவாரியில்தான் வேலை, லாரி ஓட்டுகிறான். அவளுக்கும் அந்தக் கணத்தில் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அம்மாவும் அப்பாவும் ஒரே இடத்தில். அந்த நிறைவுதான் அவளைப் பயமுறுத்தியது. கேட்காமலே கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

நாற்காலிகளோடு ஒரு போட்டோக்காரரும் வந்திருந்தார். வழுக்கைத் தலை, பெரிய கேமரா. அப்பாவின் முகத்தை அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. குழி எப்போது தோண்டுவார்கள் என்று மட்டும் சித்தப்பாவிடம் ஒரு தடவை, சமையலறைப் பக்கம் வந்து ஒரு தடவை விசாரித்தார். அவள் காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, நெரிசல் பஸ்ஸில் நிற்பதுபோல நெருங்கி நின்றாள். குழியைப் படம் எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும். எல்லைக் கல்லும் குழியும் ஒரே படத்துல விழணும்னு சொன்னாங்க. வக்கீல் கேட்டாராம்."

கோடு போட்டவரையே கோட்டுக்குள் குழி தோண்டிப் புதைத்த படம். அது விசாரணை மேசைக்குப் போனால் வக்கீல் வாயைத் திறக்கவே வேண்டாம். சொந்தப் பிள்ளைகளே மதிக்காத எல்லையைக் குவாரி மட்டும் எதற்கு மதிக்க வேண்டும்? எழுந்து வந்து பதில் சொல்ல அப்பா இல்லை. அதைவிட மோசமான ஒரு கேள்வி அதன் பின்னாலேயே வந்தது. தம்பிக்கு இது தெரியுமா?

அவனைப் பின்கட்டுக் குழாயடிக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒழுகுகிற குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அம்மா பக்கத்துல வைங்கன்னு அப்பா உங்கிட்டயும்தானே சொன்னாரு?"

"சொன்னாரு."

"அப்புறம் என்னக்கா?"

கேட்டதற்கு அது பதில் இல்லை. அவள் அதைக் கவனிக்காமல் விடவில்லை. ஆனாலும் இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னாள்.

"கோட்டைக் கொஞ்சம் வளைச்சு இடுகாட்டை மட்டும் வெளியில விட்டுடுங்கன்னு ஆபீஸ்லயே அப்பாகிட்ட சொன்னாங்க. அவரு மழையில போய் அம்மாகிட்ட நின்னு பாத்திருக்காரு. அங்க விழற தண்ணியும் ஏரிக்குத்தான் ஓடுதுன்னு எங்கிட்ட வந்து சொன்னாரு. அன்னிக்கு அவரு சாப்பிடவே இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அவங்க வண்டி ஓட்டறியே."

வாயிலிருந்து வந்த பிறகுதான், அது அப்பாவின் சந்தேகம் மட்டுமல்ல, தன்னுடையதும்தான் என்று அவளுக்கு உறைத்தது. தம்பி முகத்தைக் கழுவினான். துடைக்காமலே வாசலுக்குப் போனான்.

அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். குவாரிக்காரரின் கை மறுபடி அவன் தோளில் ஏறியது. தம்பி தரையைப் பார்த்து ஏதோ சொன்னான். கை இறங்கியது. சற்று நேரத்தில் போட்டோக்காரர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். குவாரிக்காரருக்குத் திடீரென்று வெளியூரில் ஏதோ அவசர வேலை வந்தது.

"புது இடத்துக்கே போலாம்," என்று தம்பி உள்ளே வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். காரணம் சொல்லவில்லை. நாளை வேலைக்குப் போவானா என்று அவள் கேட்கவில்லை. முன்பே தெரிந்திருந்து இப்போது மனம் மாறினானா, அல்லது இவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டானா? எத்தனையோ முகங்களைப் படித்தவளுக்குக் கூடப்பிறந்தவன் முகம் பிடிபடவில்லை.

புது இடுகாடு பஸ் டிப்போவுக்குப் பின்னால், இன்னும் புல் முளைக்காத மேட்டில் இருந்தது. குழியை மூடி முடித்ததும் சொந்தக்காரர்கள் வேன் பக்கம் நகர்ந்தார்கள். குழி தோண்டுகிறவர் அப்பாவுக்குப் பக்கத்திலேயே மண்வெட்டியால் அடுத்த குழிக்குக் கோடு கிழித்தார். இது யாருக்கு என்று அவள் கேட்டாள்.

"இங்க வரிசைதாம்மா. அடுத்து யாரு வர்றாங்களோ, அவங்களுக்கு."

அம்மா இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத யாரோ. தம்பியின் காதிலும் அந்தப் பதில் விழுந்திருக்க வேண்டும். வேனை நோக்கிப் போனவன் திரும்பி வந்து, கோடு கிழித்த அந்த வெறும் மண்ணின் நடுவில் ஏறி நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டான். சித்தப்பா கூப்பிட்டார், வேன்காரர் ஹார்ன் அடித்தார். அவன் நகரவில்லை. பின்னால் வருகிறவர்களுக்காகச் சீட்டில் துண்டைப் போட்டு மறித்து நிற்பவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். அதெல்லாம் கூடாது என்று சத்தம் போட்டு எடுக்கச் சொல்வதுதான் அவள் வழக்கம்.

அவள் அவனைக் கூப்பிடவில்லை. மண்வெட்டிக்காரரிடம் போய், கொஞ்சம் பொறுத்துத் தோண்டச் சொன்னாள்.