மனுக்களை இங்கே போடவும்

கேட்டதற்கு மட்டும் பதில், ஒரு வார்த்தை கூடுதலாக வரக் கூடாது. வக்கீல் காரில் சொன்னாள், கோர்ட் படியேறும்போது சொன்னாள், அவர் கூண்டில் ஏறுமுன் காதருகே குனிந்தும் சொன்னாள். பிளம்பர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். அவளுடைய அக்காவின் கணவர். காதில் வாங்காதபோதுதான் அவ்வளவு அழகாக ஆட்டுவார் என்பது அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரியும்.

விவகாரம் இதுதான். அவர் தெருவில் ஐந்து மாதமாகச் சாக்கடை பொங்கி வழிந்தது. பதினொரு மனு கொடுத்தும் நகராட்சி அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகராட்சி வாசலின் மேல்படியில் புத்தம்புதுக் கழிப்பறைக் கோப்பை ஒன்றை வைத்து, 'மனுக்களை இங்கே போடவும்' என்று அட்டையும் மாட்டிவிட்டு வந்தார். திங்கள் காலைக்குள் ஏழு பேர் நிஜமாகவே மனு போட்டிருந்தார்கள்.

ஆணையருக்கு மூக்குக்கு மேல் கோபம். அலுவலகத்தை அவமதித்ததாக ஒரு வழக்கு. படி ஓரத்தில் ஏதோ கீறல் கண்டு, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக இன்னொன்று. சாட்சிப் பொருளைத் தொடக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டதால், கோப்பை இன்னமும் தார்ப்பாய் போர்த்தியபடி அங்கேயே இருந்தது. எதில் தண்டனை வந்தாலும் பிளம்பர் லைசென்ஸ் பறிபோகும். போனால் அக்கா வீட்டில் அடுப்பெரியாது.

வக்கீல் பின்னியெடுத்தாள். வாயால் சொன்னாலும் பொருளால் சொன்னாலும் பேச்சு பேச்சுதான், உறைப்பாக இருப்பதாலேயே குற்றமாகிவிடாது என்றாள். பேச்சுரிமைக்கு எல்லை உண்டு. ஆனால் இவர் வழியை மறிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை, கீறல் பழசு, சும்மா வைத்துவிட்டு வந்தார் என்றாள். நீதிபதியின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஜெயித்தாயிற்று.

அரசு வக்கீல் அலுப்போடு எழுந்தார். "சும்மா வெச்சீங்களா? அப்போ ஆடிக்கிட்டுதானே இருந்திருக்கும்? யார் கால்லயாவது விழுந்திருந்தா? அரைகுறை வேலை."

பிளம்பரின் காது சிவந்தது. வக்கீல் கையைக் காட்டினாள், இருமினாள். ம்ஹூம்.

"நான் மாட்டினது ஆடாதுங்க. படியில மூணு அங்குலம் துளை போட்டு நாலு போல்ட் முடுக்கியிருக்கேன். சுத்தி சிமென்ட். யானையே உட்காரலாம்."

தட்டச்சர் யானை வரைக்கும் அடித்து முடித்தார்.

தீர்ப்புக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அலுவலகத்தைக் கிண்டல் செய்வது அவர் உரிமை, அதில் விடுதலை. படியைத் துளைத்தது பேச்சில் சேராது. ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தம்.

வராந்தாவில் அவளுக்கு அழுகையா ஆத்திரமா என்றே தெரியவில்லை.

"சும்மா வெச்சிருந்தாலே போதுமே மாமா. போல்ட் எதுக்கு?"

"போல்ட் போடாம வைக்கிறதா? என்னை என்ன கொத்தனார்னு நெனச்சியா?"

அவள் போன் அடித்தது. அக்கா. நீட்டினாள். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"நீயே சொல்லிடும்மா. பேசத்தானே படிச்சிருக்கே?"

பச்சைப் பொத்தானை அழுத்தி, அவர் காதிலேயே வைத்து அழுத்தினாள்.