மணல் வகை

சட்டையின் இடது கைக்குள் அண்ணனின் கை போக மறுத்தது.

"மெதுவா. அந்தக் கை ஒரு வருஷமாவே சொன்ன பேச்சு கேக்காது," என்றாள் அண்ணி.

தங்கை முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். விடியலில் உயிர் போனது. மதியம் வண்டி வரும்.

அண்ணன் கொத்தனார். தங்கைக்கு மருத்துவமனை லேப்பில் வேலை. ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றுவாள். சொந்தக்காரர் சதையைச் சீவக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மூன்று வருடத்துக்கு முன் அண்ணனின் மூளை உறையில் மெனிஞ்சியோமா கட்டி வந்தபோது அவள் அதை மீறினாள். வேறு கையில் கொடுக்க மனம் வரவில்லை.

கத்தி கரகரத்தது. கட்டி முழுக்கச் சுண்ணாம்புத் துணுக்குகள், மணலை இறைத்த மாதிரி. அந்தக் கட்டியில் பத்துப் பதினைந்து வகை உண்டு. மணல் வகை சாது. கிரேடு ஒன்று. முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது.

"கொத்தனார் மண்டையில மணல் இல்லாம பஞ்சா இருக்கும்?" என்று சிரித்தார் அண்ணன்.

போன வருடம் கட்டி திரும்பி வந்தது. மறுபடி ஆபரேஷன். அதில் எடுத்ததையும் அவளே சீவினாள். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பிளந்து பெருகும் செல்களை எண்ணினார். கிரேடு மூன்று, புற்று. முதல் முறை யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. கட்டிதான் குணம் மாறியிருந்தது.

எனக்கு இதெல்லாம் புரியாது, தங்கச்சியிடம் சொல்லிவிடுங்கள் என்று டாக்டரிடம் ஒதுங்கிக்கொண்ட அண்ணன், அவளிடம் கேட்டது ஒன்றுதான்.

"மணல் இருக்கா?"

"இருக்குண்ணா."

அப்புறம் எதற்குக் கதிர்வீச்சு என்றதற்கு, பூசிய சுவருக்குத் தண்ணீர் விடுவதில்லையா, அதுபோலத்தான் என்று சமாளித்தாள். அண்ணிக்கும் அதே கதைதான். அண்ணன் தலையாட்டினார்.

பிழைத்துவிடுவோம் என்று நம்பி, சொல்ல வேண்டியதை யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாரோ? தன் ஒரு வார்த்தையால்? அதுதான் விடிந்ததிலிருந்து அவளை அரித்தது.

அண்ணி பட்டன் போட்டுக்கொண்டே வந்தாள். நாலாவது பட்டனில் கை நின்றது.

"ரெண்டாவது தடவ மணல் இல்லதானே?"

தங்கை சட்டைக் கையின் மடிப்பை நீவினாள்.

"அவருக்குத் தெரியும். கதிர்வீச்சு ஆரம்பிச்ச வாரமே சொல்லிட்டாரு. 'ஒரு வாரம் தண்ணி விட்டாப் போதும்கிற சுவத்துக்கு ஒன்றரை மாசம் விடச் சொல்றா. கலவையில மணலே இல்லடி. ஆனா நீ கேட்டுடாத. பாவம், கஷ்டப்பட்டுப் பூசி மெழுகியிருக்கா, சொரண்டாத'ன்னாரு."

"நீங்களாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொரண்டாதன்னாரே."

அண்ணி சீப்பு எடுக்க உள்ளே போனாள்.

கட்டிலை ஒட்டி, சிகிச்சைக்குப் போய்வந்த நாட்களில் அண்ணன் பூசிய சுவர். ஒற்றைக் கை வேலை. மேடும் பள்ளமுமாக இருந்தது. எழுந்திருக்க அதில் கையை ஊன்றினாள். உள்ளங்கையில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது.

அதைத் தட்டிவிடாமல், மறு கையால் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.