பச்சை வாடை

என் வாய் பொல்லாத வாய். துணி திருத்தும் கடையில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். போன வருடத்துக் கால்சட்டையைக் கொண்டுவந்து, துணி சுருங்கிவிட்டது என்று சொல்கிற ஒருத்தரையும் நான் சும்மா விட்டதில்லை. "துணி அப்படியேதான் இருக்கு, நீங்கதான் அகலமாயிட்டீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள்கூட மறுமாதம் திரும்பி வந்துவிடுவார்கள். இவள் அளவு சொன்னால் அளவாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த வாயை நம்பித்தான் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். எங்கள் கடைக்கு எதிரே நூடுல்ஸ் கடை. பெரிய அடுப்பில் நிற்பவர் அவர்தான். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மதியம் பொட்டலம் வாங்கியவள் பிரித்துத் தின்றுவிட்டு நேரே சமையலறை வாசலுக்குப் போனேன். "உப்பு தூக்கல். வெங்காயத்தாள் நேத்து வாங்கினது" என்றேன். கரண்டியும் கையுமாகத் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் அவரே ஒரு தட்டு கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "இப்ப சொல்லு" என்று நின்றார். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடையில் புதிதாக எது செய்தாலும் ஒரு சின்னப் பெட்டியில் எனக்கு வரும். ஊரே ஆகா ஓகோ என்றாலும், "நீ சொல்லு, அப்புறம் நம்பறேன்" என்பார்.

நாலு மாதத்துக்கு முன்னால் கடைச் சமையலறையில் எண்ணெய் சிந்திக் கிடந்ததை மிதித்து வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. ஒரு வாரத்தில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த அன்று காலையில் நான் பாலைப் பொங்கவிட்டு அடிப்பிடிக்க வைத்துவிட்டேன். வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "பால் போச்சே" என்று நான் ஓடிவந்தபோது, "எந்தப் பால்?" என்றார்.

மூக்கில் ஒன்றும் இல்லை, உள்ளே போகிற நரம்பு அறுந்திருக்கிறது, வாசனை திரும்ப வந்தால் வரலாம் என்றார் மருத்துவர். நாக்குக்கு உப்பு, புளிப்பு, காரம், கசப்பு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முதலில் அவர் சிரித்துத்தான் பேசினார். "மூக்கு மேல கோபம் வர்ற ஆளுன்னு திட்டுவியே, இனி அந்தத் தொல்லை இல்ல" என்றார். காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்து என் மூக்கடியில் நீட்டுவார்; சட்டையைப் போடும் முன் அக்குளைக் காட்டுவார். "நல்லா இருக்கா, பார்த்துச் சொல்லு. இனிமே என் மூக்கு நீதான்." எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பொய் சொல்வானேன்.

கடை முதலாளி தங்கமானவர், இவரைவிட வயதில் சின்னவர். பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அவசரமில்ல மாஸ்டர். உங்க அடுப்பு உங்களுக்குத்தான். முடியும்னு தோணுற அன்னைக்கு வாங்க, ஒரு மதியம் செஞ்சு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடை அடுப்பு இவருக்கு வேலை மட்டும் இல்லை. அதன் முன்னால் நிற்கும்போதுதான் அவர் நிமிர்ந்து நிற்பார். மற்ற இடங்களில் கொஞ்சம் கூனல்.

அப்போதுதான் வீட்டில் செய்து பழகுவது என்று முடிவு செய்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வீட்டு அடுப்பில் தண்ணீர்கூடச் சுடவைக்காத மனிதர். "இது அடுப்பா, அகல் விளக்கா?" என்று கேலி செய்வார். இப்போது அந்த அகல் விளக்கின் முன்னால் இரும்பு வாணலியோடு நின்றார். நூடுல்ஸை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவித் தட்டில் பரப்பி, குளிர்பெட்டியில் இரவு முழுக்கக் காயவைப்பார். மறுநாள் நான் ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும்போது கோஸும் கேரட்டும் தீக்குச்சி தீக்குச்சியாக நறுக்கி வைத்திருக்கும். வீட்டுத் தீ சின்னது என்பதால் ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான். வாணலி புகையும்வரை காத்திருப்பார். பூண்டு, முட்டை, காய், நூடுல்ஸ். எல்லாம் கை பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

கடைசியில்தான் சிக்கல். சோயா சாஸை நூடுல்ஸ் மேலே ஊற்றக்கூடாது, வாணலியின் ஓரத்தில் சுற்றி ஊற்றவேண்டும். அது சூட்டில் தீய்ந்து ஒரு மணம் வரும். அந்த மணம்தான் கடை நூடுல்ஸ். வருவதற்கு முன் இறக்கினால் பச்சை வாடை, வந்த பிறகு நின்றால் கரி வாடை. இத்தனை வருடமாக மூக்கு இறக்கு என்றால் இறக்கினார். இப்போது வாய்விட்டு எண்ணினார்.

முதல் நாள் பன்னிரண்டு எண்ணினார். "கரிக்கட்டை" என்றேன். மறுநாளிலிருந்து தீய்ந்துவிடுமோ என்ற பயத்தில் சீக்கிரம் சீக்கிரமாக இறக்க ஆரம்பித்தார். ஆறு, ஐந்து, மறுபடி ஆறு. நானும் விடவில்லை. பச்சை, பச்சை, இன்னும் பச்சை. பத்தாம் நாள் எனக்குக் கடையில் தலைவலி, ஒரு கல்யாண உடுப்பை இரண்டு தடவை பிரித்துத் தைத்த எரிச்சல். ஒரு வாய் வைத்துவிட்டு, "சாஸ் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்த மாதிரி இருக்கு. எறக்காதீங்க எறக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றேன்.

அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் ஓடியது. கதவில் காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அவருடைய அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. நான் என்ன மனுஷி என்று என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் ஏழு எண்ணி இறக்கினார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார். நான் ஒரு வாய் எடுத்தேன். பச்சை வாடைதான். நேற்றைக்கு இன்று கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். இன்னும் இரண்டே இரண்டு எண்ணியிருந்தால் போதும்.

"இதேதான்" என்றேன்.

"என்ன இதேதான்?"

"கடையில செய்வீங்களே, அதேதான். அச்சு அசல்."

என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "நிஜமாவா?"

"நான் எப்பங்க உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

அது உண்மை. அதுவரைக்கும் சொன்னதே இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு எழுந்துபோய், பெட்டி மூடியில் பெயர் எழுத வைத்திருக்கும் தடித்த பேனாவை எடுத்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக ஏழு என்று எண்ணால் எழுதினார். வாடகை வீட்டுச் சுவர். வேறு நாளாக இருந்தால் நான் சாமியாடியிருப்பேன்.

ஒருநாள் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக்கு மெல்லச் சொல்லித் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் ஏழு. அன்றும் அவர் முகம் பளபளவென்று இருந்தது, வாய் வரவில்லை. மூன்றாம் நாள் நான் செருப்பைக் கழற்றும்போதே, "முதலாளிக்கு போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை மதியம் வரேன்னு சொல்லிட்டேன். வீட்ல ஏழுன்னா அந்தத் தீயில நாலு. கணக்கு சரியா வந்துடும்" என்றார். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு நூறு தடவையாவது வாயைத் திறந்திருப்பேன். ஊரில் யாருக்கு இடுப்பு பெருத்தது என்று நாக்கூசாமல் சொன்ன வாய், கட்டின புருஷனிடம் இரண்டு எண்ணிக்கை கூட்டச் சொல்ல முடியாமல் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை அவர் வெள்ளை மேலங்கியைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். "நீயும் வா" என்றார். வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். அவர் நிமிர்ந்து நின்றார். சட்டி காற்றில் எழும்பி எழும்பி இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நாலு எண்ணிக்கை, தட்டு. நாலு எண்ணிக்கை, தட்டு. கடைத் தீயிலாவது சரியாக வந்துவிடவேண்டும் என்று நான் ஏதேதோ வேண்டிக்கொண்டேன்.

என் தட்டு வந்தது. மேஜையில் வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

அடுத்த மேஜையில் ஒரு அம்மாள் பாதியில் தட்டைத் தள்ளி வைத்தார். அலுவலகத்திலிருந்து வந்த நாலு பேர் ஒருத்தர் தட்டை ஒருத்தர் முகர்ந்து பார்த்தார்கள். "ஏங்க, இது வேகலையா?" என்று ஒருவர் எழுந்து போய்க் கேட்டார். பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாகச் சமையலறைக்குத் திரும்பின. முதலாளி வந்து ஒரு தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டார். மென்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை நீட்டி, சத்தமில்லாமல் அடுப்பை அணைத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் மாஸ்டர்" என்றார்.

இவர் முதலாளியைப் பார்க்கவில்லை. மேடைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன். அந்தத் தட்டு அப்படியே நிறைந்திருந்தது. அவருக்கு அது போதும்.

வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் திறந்ததும் கேட்டார்: "எத்தனை நாளா?"

"நாலு நாளா. நீங்க அழுதீங்க, அதான்..."

"அழுதா என்ன? அழுதுட்டு வந்து மறுபடி செஞ்சிருப்பேனே."



அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு மாதத்தில் கிடங்கு ஒன்றின் வாசலில், வருகிற வண்டி போகிற வண்டியை எழுதி வைக்கும் வேலைக்குப் போனார். காலையில் பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து அவரே ஊற்றிக்கொள்வார். சந்தேகமான சட்டையை என்னிடம் நீட்டாமல் துவைக்கப் போட்டுவிடுவார். நானாகப் போய், "இது நல்லாத்தான் இருக்குங்க" என்றால், "சரி" என்பார். பிறகும் துவைக்கத்தான் போடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை. விசேஷத் துணிகள் குவிந்து கிடந்ததால் எனக்கு அன்றும் வேலை. சாயங்காலம் திரும்பி வந்து மாடிப்படியில் கால் வைத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். மணம். கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டி, "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார். பதில் சொல்லாமல் படியேறி ஓடினேன்.

அவர் இரண்டாவது தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "சும்மா, கைக்கு வேலையா இருக்கட்டும்னு செஞ்சேன்" என்றார், நான் கேட்காமலே. நான் நின்றபடியே ஒரு வாய் எடுத்தேன். முதன்முதலாக என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாரே, அந்தத் தட்டு. அதே ஓரத் தீய்ச்சல், அதே மணம். கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க, வந்துடுச்சு. இதேதாங்க. எத்தனை எண்ணினீங்க?"

"எண்ணல. சத்தம் கேட்டேன். சாஸ் ஊத்தினதும் சொய்ங்குது. தண்ணி வத்தினதும் சத்தம் மாறுது. அப்ப எறக்கினேன்."

சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. கண்ணில் ஒரு நொடி ஆசை வந்தது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அடுத்த நொடி அவர் பார்வை என் முகத்தில் எதையோ தேடி, திரும்பிவிட்டது.

"அன்னைக்கும் இதே முகந்தான் வெச்சிருந்த" என்றார்.

நான் பதறிப்போனேன். ஒரு தட்டை அப்படியே பெட்டியில் கொட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். முதலாளி இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தார். "அண்ணி, இது மாஸ்டர் கை. நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார். "நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டார்" என்றேன். அங்கேயே போன் போட்டுப் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்டது, "சரிங்க முதலாளி, சரிங்க" என்பது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தபோது வாணலியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

"அவருகிட்டயும் போய் அழுதியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தலைவலிக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்பதைப் போலக் கேட்டார். "பாவம், நல்ல மனுஷன். நீ சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிச்சாரு."

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க."

"சரி."

மீதியிருந்த தட்டை அவர் இரண்டாகப் பங்கிட்டார். எனக்குக் கொஞ்சம் கூடவே வைத்தார், எப்போதும் போல. சுவரில் ஏழு அப்படியே இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பும் காரமும் அளவு, வெங்காயத்தாள் புதுசு, பச்சை வாடை மருந்துக்கும் இல்லை. கேட்டால் சொல்லலாம் என்று கடைசி வாய்வரைக்கும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.